சாலையோர மரத்து இலையில் கோளாறா? மாசுதானா என்று பிரித்துப் பார்க்கும் வழி

சென்னையில் தெருமரங்களையும் அடுக்குமாடி வளாகத்து மரங்களையும் கவனித்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலை மஞ்சளானாலும் கருகினாலும் உதிர்ந்தாலும் நம் வாயில் முதலில் வருவது ஒரே பதில்தான்: "எல்லாம் பொல்யூஷன் சார்." பல நேரம் அது பூச்சியாக இருக்கும், வெட்டுப்பட்ட வேராக இருக்கும், ஊற்றுகிற தண்ணீராக இருக்கும். இன்னொரு பக்கம், மாசு உண்மையிலேயே வாட்டுகிற மரம் பெரும்பாலும் கண்ணுக்குப் பளிச்சென்று எதையும் காட்டாது. அதனால் குறியை வைத்துக் காரணத்தைப் பிரிக்கத் தெரிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் வெள்ளை ஈக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுப்போம், சிமெண்ட் தூசிக்குப் பூச்சிமருந்து அடிப்போம். இரண்டும் நடக்கிறது.

முதலில் மூன்று கேள்விகள்

கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ், வெள்ளைக் காகிதம், டிஷ்யூ, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் வினிகர் இருந்தால் போதும். மரத்தடிக்குப் போனதும் இலையைப் பறிக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று மரம் முழுவதையும் பாருங்கள்.

பாதிப்பு எந்தப் பக்கம்? சாலையைப் பார்த்த பக்கமா, கீழ்க்கிளையா, உச்சியா, மரம் முழுவதுமா? காற்றில் வருவது பொதுவாக ஒரு பக்கமாக வரும். வேரில் வந்த கோளாறு உச்சியிலோ, அந்த வேருக்கு நேர் மேலே உள்ள கிளையிலோ தெரியும்.

எந்த வயது இலை? தளிரா, முழுதாக விரிந்து சில வாரம் ஆன இலையா, முற்றிய இலையா? இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் கீழே வரும் பாதிக் குறிகளை இதை வைத்துத்தான் பிரிக்கப் போகிறோம்.

பக்கத்தில் இருக்கிற வேறு வகை மரங்களும் அப்படித்தான் இருக்கின்றனவா? வாயு வந்தால் புங்கன், வேம்பு, கீழே இருக்கிற செம்பருத்தி எல்லாவற்றையும் கூடக்குறையத் தொட்டுவிட்டுத்தான் போகும். பூச்சியும் பூஞ்சையும் பெரும்பாலும் ஆள் பார்த்து வரும். ஒரு தெருவில் புங்கன் மட்டும் வெளுத்து, நடுவில் நிற்கிற மகிழம் பளபளவென்று இருந்தால், காற்றைக் குற்றம் சொல்லும் முன் யோசியுங்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டும். பாதாம் மரம் இலையைச் சிவக்கவிட்டுத்தான் உதிர்க்கும். அரசிலும் மாவிலும் தளிர் செம்பு நிறத்தில் வரும். இவை நோயல்ல.

இலை மேல் சாம்பல் நிறப் புழுதி

இது எல்லோருக்கும் தெரிந்த குறி. மெட்ரோ வேலை நடக்கிற சாலை, எம்-சாண்ட் லாரி போகிற சாலை, தார் பெயர்ந்த சாலை என்று எங்கும் பார்க்கலாம். தூசி இருப்பது தெரியும். அது என்ன தூசி என்பதுதான் கேள்வி, ஏனென்றால் தீர்வு அதைப் பொறுத்தது.

டிஷ்யூவால் ஒரு இலையைத் துடையுங்கள். பழுப்பாக வந்தால் சாலைப் புழுதி, மண். கருப்பாக, கொஞ்சம் பிசுக்கோடு வந்தால் டீசல் கரி. வெள்ளை கலந்த சாம்பலாக, துடைத்தும் போகாமல் பொருக்காக ஒட்டியிருந்தால் சிமெண்டாக இருக்கலாம். பறித்த இலையில் அந்தப் பொருக்கின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சிமெண்ட் அல்லது சுண்ணாம்பு வகை. கருங்கல் தூளும் எம்-சாண்டும் நுரைக்காது.

சிலர் காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூசி மேல் நகர்த்திப் பார்க்கச் சொல்வார்கள். பிரேக்கிலிருந்தும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் வரும் இரும்புத் துகள் காந்தத்தில் ஒட்டும் என்பது உண்மை. வெளிநாடுகளில் இலையின் காந்தத்தன்மையை அளந்து சாலை மாசை மதிப்பிடும் ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் சென்னையில் கடற்கரை மணலே காந்தத்தில் ஒட்டும். அதனால் வீட்டுச் சோதனையாக இதை நம்பி முடிவு எடுக்க வேண்டாம்.

தூசி இலையை என்ன செய்கிறது? "இலைத்துளைகளை அடைத்து மூச்சு முட்ட வைக்கிறது" என்றுதான் எங்கும் எழுதுகிறார்கள். அது பாதி சரி. மா, ஆல், அரசு போன்ற பல மரங்களில் இலைத்துளை கீழ்ப்புறம்தான் இருக்கிறது. மேலே படிகிற தடித்த புழுதி துளைக்குள் போவதில்லை. அது வெளிச்சத்தைத் தடுக்கிறது, வெயிலை உறிஞ்சி இலையைச் சூடாக்குகிறது. துளைக்குள் புகுவதும் துளை வாயில் செருகிக்கொள்வதும் மிக நுண்ணிய கரித்துகள்கள். அவை காற்றோடு சுழன்று கீழ்ப்புறத்தையும் தொடும். துளை சரியாக மூட முடியாமல் போனால் இலை தேவைக்கு மேல் தண்ணீரை இழக்கும். அதனால்தான் தூசிச் சாலை மரம் கோடையில் மற்ற மரங்களுக்கு முன்பே வாடுகிறது.

சிமெண்ட் தூசி வேறு ரகம். அதில் காரம் அதிகம். இரவுப் பனியோ தூறலோ பட்டால் இலை மேலேயே இறுகிவிடும், மேல் மெழுகையும் அரிக்கும். எனவே சிமெண்ட் என்று தெரிந்தால் நனைவதற்கு முன்பே தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கொஞ்சமாகத் தெளித்து விட்டுவிட்டால் நாமே பூசிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

சாதாரணப் புழுதிக்கு அதிகாலையில் மெல்லிய தண்ணீர்ப் பீச்சு, மேலும் கீழும். சோப்பு வேண்டாம். பெரிய மரத்துக்கு இது நடக்கிற காரியம் இல்லை. இளங்கன்றுகளுக்கும் ஆளுயர மரங்களுக்கும் செய்யலாம். சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை மட்டும் வாரம் இருமுறை கழுவி, பக்கத்துக் கிளையை அப்படியே விடுங்கள். ஒரு மாதத்தில் கழுவிய கிளையில் இலை நிறம் தேறினால் தூசிதான் குற்றவாளி. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வேறு எங்கோ பாருங்கள்.

கழுவினாலும் முழுக்கப் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நுண்துகளில் ஒரு பங்கு இலையின் மெழுகுப் பூச்சுக்குள் புதைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையே வந்தாலும் அது அந்த இலை உதிரும்போதுதான் மரத்தை விட்டுப் போகும்.

இலை மேல் கருப்புப் படலம்

"வண்டிப் புகை படிஞ்சு இலையெல்லாம் கருப்பாயிடுச்சு" என்று வருகிற புகார்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். நகத்தால் சுரண்டுங்கள். கருப்பு ஒரு தாள் போலப் பெயர்ந்து, கீழே இலை பச்சையாக இருந்தால் அது கரும்பூசணம். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைச் சொட்டும். அந்தப் பிசுபிசுப்பில் வளர்கிற பூஞ்சை இது. இலைக்குள் நுழையாது, ஆனால் வெளிச்சத்தை நன்றாகவே மறைக்கும்.

உறுதி செய்ய இன்னும் இரண்டு வழி. மரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் சின்னச் சின்னப் பிசின் புள்ளிகள் இருக்கும். தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கும். அப்புறம் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகில் வட்ட வட்டமாகச் சுருள் கோலம் இருந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இது 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தெரியவந்து, பிறகு பரவி, இப்போது நகரத்துத் தென்னை, பாதாம், கொய்யா, வாழை எதையும் விடுவதில்லை. கருப்பு மேல்பக்கம், பூச்சி அடிப்பக்கம். இன்னும் சொன்னால் பூச்சி மேல் கிளையில் இருக்கும், கருப்பு கீழே இருக்கிற வேறு செடியில் இருக்கும். சொட்டுவது கீழேதானே விழும்.

செய்ய வேண்டியது: அடிப்பக்கம் படும்படி வேகமாகத் தண்ணீர் பீச்சுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியைத் தெளித்தால், அது காய்ந்து உரியும்போது கருப்பையும் சேர்த்து உரித்துவிடும். இது வேளாண் துறை தென்னைக்குச் சொல்கிற வழிதான். கடும் பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். இந்த ஈயைத் தின்று வாழ்கிற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அதில் முதலில் செத்துவிடும். 2008-ல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சியை இரண்டு வருடம் கழித்து அடக்கியது மருந்தல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு குளவிதான்.

படலமாகப் பெயராமல் டிஷ்யூவில் எண்ணெய்க் கரியாக வந்தால் அது புகைக் கரி. அப்போது மரத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜெனரேட்டர் புகைக்குழாயாக இருக்கும், அல்லது பேருந்து கிளம்பும் இடமாக இருக்கும்.

நரம்பு பச்சை, இடைப்பகுதி வெளுப்பு

இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரே மாதிரி தெரிகிற மூன்று காரணங்கள் இருக்கின்றன.

தளிரும் இளம் இலையும் மட்டும் மஞ்சளாகி, நரம்பு வலைபோல் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் கட்டட இடிபாடு, சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் கொட்டிய மண் காரமாகி, வேரால் அதை எடுக்க முடியாமல் போகும். நகரத்தில் மரக்குழி என்று நாம் தோண்டுவது பழைய கட்டடத்தின் குப்பைமேடாகத்தான் இருக்கிறது. சோதிக்க, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து ஒரு கிளைக்கு மட்டும் மாலையில் தெளியுங்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கிளை பச்சையானால் முடிவு கிடைத்துவிட்டது. அப்புறம் இடிபாட்டை அகற்றி, மக்கிய உரமும் இலைச் சருகும் போடுவதுதான் நிரந்தர வழி.

அடி இலைகளில், அதாவது முற்றிய இலைகளில் மட்டும் இப்படி இருந்தால் மெக்னீசியக் குறை.

முழுதாக விரிந்த, நடு வயது இலையில், சில நாளுக்குள் நரம்புகளுக்கு இடையே தந்த நிறத்திலோ பழுப்பிலோ திட்டுகள் வந்து காய்ந்து, இரண்டு பக்கமும் தெரிந்து, பக்கத்து மரங்களிலும் அதே நேரத்தில் வந்திருந்தால் சல்பர் டை ஆக்சைடைச் சந்தேகிக்கலாம். அந்த வாயு இலைத்துளை வழியாகப் போய் உள்ளீரத்தில் கரைந்து சல்பைட் ஆகிறது. கொஞ்சமாக வந்தால் இலை அதை சல்பேட் ஆக மாற்றிச் சமாளித்துவிடும், சத்தாகக்கூடப் பயன்படுத்திக்கொள்ளும். தாங்க முடியாத வேகத்தில் வந்தால் பச்சையம் சிதையும். பகலில், ஈரப்பதம் அதிகமான நேரத்தில், துளைகள் நன்றாகத் திறந்திருக்கும்போதுதான் அடி பலமாக விழும்.

ஆனால் இடத்தைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகை விதிமுறையின் ஆறாம் கட்டம்) எரிபொருள்தான். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பிஎஸ் 4-ல் அது 50. அண்ணா சாலையில் நிற்கிற மரத்துக்கு வண்டிகளால் சல்பர் காயம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். எண்ணூர், மணலி, மீஞ்சூர் பக்கம் என்றால் பேச்சு வேறு. அங்கே நிலக்கரி எரிகிறது, சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது.

இதற்கு ஒரு துணைச் சாட்சி மரப்பட்டையில் இருக்கிறது. லைக்கன் என்கிற வெள்ளை, சாம்பல் பச்சைத் திட்டுகள். நம் சமையலறைக் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். வேர் இல்லாததால் இவை எல்லாவற்றையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே எடுக்கின்றன. சல்பருக்கு மிகவும் பலவீனமானவை. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் காணாமல் போவதைக் காற்று மாசோடு சேர்த்து 1866-லேயே நைலாண்டர் என்ற தாவரவியலாளர் எழுதியிருக்கிறார். கிண்டி தேசியப் பூங்காவிலோ அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலோ அதே வகை மரத்தின் பட்டையைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் மரத்தோடு ஒப்பிடுங்கள். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

ஓரமும் நுனியும் கருகல்

சென்னையில் இதற்கு முதல் சந்தேகம் உப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகியிருந்தால் கடற்காற்று உப்பு. புயலுக்குப் பிறகு இது உள்ளே தள்ளியும் தெரியும். கடலிலிருந்து தூரத்தில், எல்லாப் பக்கமும் சமமாகக் கருகினால் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா? அதைவிட முக்கியம், ஆர்ஓ கழிவுத் தண்ணீரை "வீணாக்க வேண்டாமே" என்று யாராவது மரத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களா? வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலை பல வளாக மரங்களின் இலையைக் கருக்குகிறது. நிறுத்தி, நல்ல தண்ணீரோ மழைநீரோ நிறைய விட்டால் புதுத் தளிர் ஒழுங்காக வரும். கருகின இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம்.

மே மாத வெயிலில் தண்ணீர் இல்லாமலும் ஓரம் கருகும். அது பெரும்பாலும் தெருவுக்கே பொதுவாக இருக்கும்.

காற்று மாசில் ஓரத்தைக் கருக்குவது ஃபுளோரைடு. இலைக்குள் போன ஃபுளோரைடு நீரோட்டத்தோடு நகர்ந்து நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொள்ளும். செத்த பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே செம்பழுப்பில் ஒரு கூர்மையான கோடு இருப்பது இதன் அடையாளம். செங்கல் சூளை, ஓடு மற்றும் பீங்கான் ஆலை, பாஸ்பேட் உர ஆலை, அலுமினிய உருக்காலை ஆகியவைதான் மூலம். எனவே மயிலாப்பூரில் இதை யோசிக்கத் தேவையில்லை. திருவள்ளூர்ப் பக்கம் சூளை ஓரத்து மாந்தோப்பில் யோசிக்கலாம். சூளைப் புகையின் இன்னொரு வேலை மாங்காயின் நுனி கருத்துப்போவது. வட இந்திய மாந்தோப்புகளில் இது பழைய தலைவலி.

இன்னொன்று, ரொம்பச் சாதாரணமானது: சூடு. ஏசி வெளி யூனிட்டின் காற்று, ஜெனரேட்டர் குழாய், மரத்தடியில் வைத்த டிபன் கடை அடுப்பு, குப்பையைக் குவித்துக் கொளுத்துவது. பாதிப்பு ஒரு கூம்பு வடிவில் இருக்கும், கூம்பின் நுனி மூலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே இரவில் வெந்தது போல

காலையில் பார்த்தால் இலைகள் வெந்த கீரை நிறத்தில் தொங்கி, பிறகு பழுப்பாகவோ கருப்பாகவோ மாறினால், செடிகளும் புல்லும்கூட அப்படி இருந்தால், அமோனியா அல்லது குளோரின் கசிவைச் சந்தேகியுங்கள். ஐஸ் பேக்டரி, குளிர்பதனக் கிடங்கு, உர ஆலை, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போக வேண்டிவந்தது. இந்த மாதிரி நேரத்தில் இலையை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். மூக்கும் கண்ணும் எரிந்தால் இடத்தை விட்டு விலகி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

ஒரே ஒரு மரம் மட்டும் ஓரிரு வாரத்தில் முழுக்கக் காய்ந்து, இலை உதிராமல் தொங்கினால் அது மாசு அல்ல. அடித்தண்டில் துளையோ, பட்டை உரிப்போ, ஆசிட் வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பலகையை மறைக்கிற மரத்துக்கு இப்படி நடப்பது ஊரறிந்த விஷயம்.

மேற்புறத்தில் ஊசிப் புள்ளிகள்

முற்றிய இலையின் மேற்பக்கம் மட்டும், நரம்புகளை விட்டுவிட்டு, நுண்ணிய வெளிர் அல்லது ஊதாப் பழுப்புப் புள்ளிகள் தூவிய மாதிரி இருந்தால் ஓசோன். மேலே இருக்கிற அடுக்குச் செல்களைத்தான் அது முதலில் கொல்லும், அதனால் கீழ்ப்புறம் சுத்தமாக இருக்கும். ஒரு இலை இன்னொன்றின் மேல் படிந்திருந்தால் நிழல் பட்ட பகுதியில் புள்ளி இருக்காது.

முதலில் சிலந்திப்பேனை விலக்குங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது ஊர்ந்தால் அது பேன். அடிப்பக்கம் மெல்லிய வலையும் இருக்கும்.

ஓசோனை யாரும் குழாய் வழியாக விடுவதில்லை. வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடும் பெட்ரோல், பெயிண்ட் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து உருவாவது. பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், நெரிசல் சாலையிலேயே அது குறைவாக இருக்கும். வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்று அந்தக் கலவையைப் புறநகருக்கு இழுத்துப் போன பிறகு அங்கேதான் ஓசோன் கூடும். ஆகவே சிக்னல் மரத்தைவிட ஊருக்கு வெளியே இருக்கிற கீரைத் தோட்டத்தில் இந்தப் புள்ளிகளைத் தேடுவது பலன் தரும். பீன்ஸ், உருளை, புகையிலை எல்லாம் மரங்களுக்கு முன்பே காட்டிவிடும்.

இளம் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போலவோ வெண்கல நிறமாகவோ மின்னினால் அது வேறொரு புகைமூட்டச் சேர்மம், பான் என்று சுருக்கிச் சொல்வார்கள். 1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிய கீரைத் தோட்டங்கள் இப்படித்தான் முதலில் பழுதாயின. அங்கே ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் புகைமூட்டத்தின் ரகசியத்தை அவிழ்க்க அந்தப் பயிர்ச் சேதமும் உதவியது. நம் தெருமரத்தில் அடிப்பக்க வெள்ளிப் பளபளப்பு என்றால் பத்துக்கு ஒன்பது இலைப்பேன்தான்.

காலம் தவறி இலை உதிர்தல்

பருவ உதிர்வு இல்லை என்று உறுதியானதும், தரையைப் பாருங்கள். கடந்த ஓராண்டில் மழைநீர் வடிகால், கேபிள், குடிநீர்க் குழாய் என்று யாராவது மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்களா? பள்ளம் இருந்த பக்கத்துக் கிளை மட்டும் இலை சிறுத்து உதிர்ந்தால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். தோண்டிய வாரத்தில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து, முதல் வெயிலில் தெரியும். அதற்குள் பள்ளத்தை மூடி டைல்ஸ் போட்டிருப்பார்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடித்தண்டு வரை கான்கிரீட் பூசியிருப்பதும் இதே குறியைத் தரும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச இது உதவும்.

இவை இரண்டும் இல்லை, மரம் நெரிசலான சிக்னலிலோ பேருந்து நிலைய வாசலிலோ நிற்கிறது, சாலைப் பக்கம் உதிர்வு அதிகம் என்றால் புகையைச் சொல்லலாம். தூசியும் வாயுவும் சேர்ந்து இலையைச் சீக்கிரம் முதிரவைக்கும். வண்டிப் புகையில் எத்திலீனும் இருக்கிறது, பழத்தைப் பழுக்கவைக்கிற அதே வாயு. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் நகரங்களில் தெருவிளக்கு வாயு கசிந்த இடத்து மரங்கள் இலை கொட்டியதை 1864-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன் என்று பின்னால் தெரிந்தது. 1901-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்பவர் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைப் பார்த்து, அதற்குக் காரணம் எத்திலீன் என்று கண்டுபிடித்தார்.

போகி மறுநாள் வரும் புகார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாள் புகையில் இலை உதிராது. தை, மாசியில் உதிர்வது அதன் வழக்கப்படி உதிர்வது.

மாசு என்று நினைக்கவே வேண்டாதவை

புங்கன் இலை முழுக்க விரல் விரலாக, பரு பருவாக முடிச்சு: கண்ணுக்குத் தெரியாத ஒரு பேனின் வேலை. அசிங்கமாக இருக்கும், மரம் சாகாது. புங்கன் இலையில் தோல் பிரிந்த மாதிரி வெள்ளைத் திட்டு: இலைத் துளைப்பான் புழு, திட்டைப் பிரித்தால் உள்ளே ஆளே இருக்கும். ஏழிலைப்பாலையில் உருண்டைக் கொப்புளம்: அதுவும் பூச்சி.

வேம்பின் கிளை நுனிகள் மட்டும் தீயில் வாட்டின மாதிரி பழுப்பாகத் தொங்குவது நுனிக் கருகல் நோய். ஒரு பூஞ்சையும் தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சிப் பூச்சியும் இதில் சம்பந்தப்பட்டவை. சாலையே இல்லாத கிராமத்து வேம்பிலும் வருகிறது. பெரும்பாலான மரங்கள் அடுத்த கோடையில் துளிர்த்துவிடும். அவசரப்பட்டு வெட்டச் சொல்லாதீர்கள்.

எந்தக் குறியும் இல்லை, ஆனால் மரம் சோர்ந்திருக்கிறது

உண்மையான நகர மாசுப் பாதிப்பு பெரும்பாலும் இதுதான். திட்டு இல்லை, கருகல் இல்லை. இலை சிறுத்து, கொஞ்சம் தடித்து, பச்சை மங்கி, சீக்கிரம் உதிரும். பூ குறையும். கண்ணால் சொல்ல முடியாததால் ஒப்பீடுதான் வழி. அதே வகை, ஏறக்குறைய அதே வயது மரம் ஒன்றை அமைதியான வளாகத்தில் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே உயரத்தில், வெயில் படும் பக்கத்தில், நுனியிலிருந்து நான்காவது ஐந்தாவது இலையாக இருபது இருபது பறித்து நீள அகலம் அளங்கள். ஒன்றிரண்டு இலையை வைத்து எதுவும் சொல்லக் கூடாது.

இதை ஆய்வகத்தில் அளக்க மாசு தாங்கும் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. சிங், ராவ் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் 1983-ல் கொடுத்தது. இலையின் வைட்டமின் சி, பச்சையம், கார அமிலநிலை, நீர்ப்பிடிப்பு ஆகிய நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணாகச் சொல்வார்கள். ஆல், அரசு, மா போன்றவை பல ஆய்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்குகின்றன. இணையத்தில் சுற்றும் "மாசைத் தாங்கும் பத்து மரங்கள்" பட்டியல்களில் பல இதிலிருந்து வந்தவை. அவற்றை மரம் வாங்கும் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அந்த எண் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். நாலடி நடைபாதையில் ஆலமரம் நட முடியாது என்பதையும் எந்தக் குறியீடும் சொல்லாது.

மாசுதான் என்று தெரிந்த பிறகு

மரத்துக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான்: அடியில் மண்ணைத் திறந்துவிடுவது, கோடையில் ஆழமாகத் தண்ணீர், சருகை அகற்றாமல் மூடாக்காக விடுவது, தேவையில்லாமல் கிளை கழிக்காமல் இருப்பது. தண்ணீர்க் குறையில்லாத மரம் அதே மாசைக் கூடுதலாகத் தாங்கும். மீதி வேலை மூலத்தில்தான். கட்டட வேலைத் தூசிக்குப் பச்சைத் துணி மறைப்பும் தண்ணீர் தெளிப்பும் கேளுங்கள்; மாநகராட்சிக்கு 1913. ஜெனரேட்டர், ஆலைப் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம்.

புகாரோடு இலைப் படம் மட்டும் அனுப்பினால் பூச்சி என்று சொல்லி மூடிவிடுவார்கள். மரம் முழுவதும், பாதிக்கப்பட்ட பக்கம், இலையின் மேல் கீழ், எதிரே இருக்கும் மூலம், பாதிக்கப்படாத ஒப்பீட்டு மரம் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். காற்றடித்த திசையை எழுதுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று, கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்று. மூலம் அந்தத் திசையில் இல்லாவிட்டால் உங்கள் வாதம் நிற்காது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற அருகிலிருக்கும் நிலையத்தின் அன்றைய அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையம் உங்கள் தெருவை அளக்கவில்லை. பின்னணி அளவைத்தான் சொல்கிறது.

மூலம் சரிசெய்யப்பட்டதா என்று பழைய இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்ட பக்கத்தில் மூன்று கிளைகளில் இன்றைய நுனிக்கு நூல் கட்டுங்கள். நூலைத் தாண்டி வந்த தளிர் விரிந்து ஆறு வாரம் ஆனதும் அவற்றை மட்டும் பாருங்கள். அந்தப் படத்தைப் புகார் எண்ணோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நாற்காலியில் வேறு அதிகாரி இருப்பார்.